கஹ என்றால் மரமா, மஞ்சளா? தமிழ் பேசுவோருக்குச் சிங்களம் கற்பிக்கும் இணையச் செயலி கட்டும் முறை

கல்முனையிலிருந்து அம்பாறைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஒரு கடிதத்தோடு போகிறவருக்கும், மட்டக்களப்புச் சந்தையில் மொத்த வியாபாரியோடு விலை பேசுகிறவருக்கும் தேவைப்படுவது ஒரே சிங்களம் அல்ல. செயலி கட்டத் தொடங்குமுன் முடிவெடுக்க வேண்டியது இதைத்தான். எந்த ஃபிரேம்வர்க் (நிரலுக்கான ஆயத்தக் கட்டமைப்பு) என்பது அதற்குப் பிறகு வரும் சின்னக் கேள்வி.

பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. மம யனவா, ஒயா யனவா, எயா யனவா: நான், நீங்கள், அவர் எல்லாருக்கும் அதே 'யனவா'. எழுத்துச் சிங்களத்தில் அது 'மம யமி', 'ஒஹு யயி' என்று ஆளுக்கொரு விகுதி எடுக்கும். பொது நிர்வாகச் சுற்றறிக்கைகளின் கீழ் இரண்டாம் மொழித் தேர்ச்சி காட்ட வேண்டிய அரச ஊழியருக்கு இந்த இரண்டாவதும் வேண்டும். கடைக்காரருக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே பாடத்தில் கலந்தால் இருவருமே பாதியில் விடுவார்கள். இந்த வழிகாட்டி பேச்சுச் சிங்களத்துக்கானது. எழுத்துத் தேர்வுக்கான செயலியைத் தனியாகக் கட்டுங்கள்.

அறுபது வாக்கியம் போதும்

ஐந்து இடங்களை எடுங்கள்: பஸ், கடை, ஆஸ்பத்திரி, கச்சேரி, பொலிஸ். இடத்துக்கு 12 வாக்கியம், மொத்தம் 60. தனிச் சொற்களின் பட்டியலை விட வாக்கியம் நல்லது, ஏனென்றால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வாக்கிய எலும்பு ஒன்றே. 'மட வதுர ஓன' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'எனக்குத் தண்ணி வேணும்' வந்துவிடும். வினை கடைசியில், 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமை முன்னால், 'போறீங்களா' என்பதில் வரும் 'ஆ'வின் இடத்தில் ஒரு 'த'. ஆங்கிலேயருக்காக எழுதிய சிங்களப் பாடநூல்கள் பல பக்கம் செலவழித்து விளக்கும் விசயம் இது. தமிழ் பேசுகிறவருக்கு ஒரு வரி போதும்.

பழக்கமான தோற்றத்தில் வேறு பொருளோடு வரும் சொற்களுக்குத் தனிக் குறிப்பு வையுங்கள். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். கச்சேரியில் ஓர் அதிகாரியை மரியாதையாக 'அய்யா' என்று கூப்பிட நினைக்கிறவருக்கு 'மஹத்தயா' என்ற சொல்லை முதல் பாடத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

அட்டவணையும் அதில் நடக்கும் கூத்தும்

பாடத்தைக் கோடுக்குள் எழுத வேண்டாம். கூகுள் ஷீட்டில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரிசை: அடையாள எண், பாடம், சிங்கள எழுத்தில் வாக்கியம், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, ஏற்கத்தக்க தமிழ்ப் பதில்கள், ஒலிக்கோப்பின் பெயர், குறிப்பு. மொழி தெரிந்தவர் அதைத் திருத்துவார். ஒரு சிறிய நிரல் அதைச் செயலி படிக்கும் ஜேசான் கோப்பாக மாற்றும்.

அடையாள எண்ணை வரிசை எண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. யாராவது ஒருநாள் அட்டவணையை அகர வரிசைப்படுத்துவார்கள். அன்றோடு எல்லாக் கற்பவரின் முன்னேற்றமும் வேறு வாக்கியங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். 'கடை-007' போல ஒரு முறை கொடுத்த எண் சாகும்வரை மாறக் கூடாது. வாக்கியத்தை நீக்கினாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

ஆசிரியர்களிடமிருந்து வரும் பழைய வேர்ட் கோப்புகளில் தமிழ் பெரும்பாலும் பாமினியிலும், சிங்களம் எஃப்.எம். அபயவிலும் இருக்கும். இவை யுனிகோட் என்ற பொதுக் குறியாக்கம் அல்ல; ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போட்ட முகமூடி. நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைக் கண்ணாலும் ஒருமுறை படியுங்கள். பிறகு ஜேசானாக மாற்றும் நிரலில் ஒரு சோதனை வையுங்கள்: அட்டவணையின் தமிழ், சிங்கள நெடுவரிசைகளில் ஆங்கில எழுத்து ஒன்றேனும் இருந்தால் நிரல் நின்றுவிட வேண்டும்.

அட்டவணையிலிருந்து இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதையலாம். யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தைச் சொல்லும் 'பொம்' குறி கோப்பின் தலையில் இல்லாததே காரணம். குறியோடு சேமித்தால் எக்செல் சரியாகக் காட்டும். ஆனால் உங்கள் நிரல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியை முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிப் படித்து, 'அடையாள எண் இல்லை' என்று கத்தும். படிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதுவது

'கஹ' என்று எழுதினால் அது மரமா, மஞ்சளா? சிங்களத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. மரத்துக்கு 'தங்கம்' என்பதில் வரும் 'க'வின் ஒலி; மஞ்சளுக்கு 'கண்' என்பதில் வரும் 'க'. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே ஒலிப்புள்ள க, ட, த, ப எழுத்துகளுக்குப் பக்கத்தில் அட்டவணையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, செயலியில் அந்த எழுத்தை வேறு நிறத்திலும் அடிக்கோட்டோடும் காட்டுங்கள். நிறம் மட்டும் போதாது. நிறக்குருடு உள்ளவருக்கும், வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கும் கோடு வேண்டும்.

நிறம் கொடுக்கும்போது முழு எழுத்தையும் சுற்றுங்கள். 'கெ' என்பதில் 'க'வை மட்டும் தனி ஸ்பான் என்ற எச்.டி.எம்.எல். குறிக்குள் போட்டால் கொம்பு அனாதையாகிப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் 'கெ'யை இரண்டு குறியீடாகத்தான் எண்ணுகிறது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க 'இன்டெல் செக்மென்டர்' என்ற உள்ளமைந்த வசதியைப் பயன்படுத்துங்கள். குரோம், சஃபாரியில் முன்பே இருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125 ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

தமிழில் எழுதவே முடியாத ஒலிகளும் இருக்கின்றன. 'கந்த' என்று நாம் எழுதும் சொல்லை 'ந்' முழுமையாக ஒலித்துச் சொன்னால் மலை. அந்த 'ந்' அரை மூக்கொலியாகத் 'த'வுக்குள் கரைந்தால் மரத்தின் தண்டு. 'பேங்க்' என்று நாம் எழுதும் ஆங்கிலச் சொல்லில் உள்ள உயிரொலியும் அப்படித்தான்: சிங்களத்தில் அதற்குத் தனி எழுத்து உண்டு, நமக்கு இல்லை. இவற்றுக்குக் காதுதான் வழி. தமிழ் உச்சரிப்பை மூன்றாவது பாடத்துக்குப் பிறகு மறைத்துவிடுவது நல்லது. தட்டினால் தெரியட்டும், தானாகத் தெரிய வேண்டாம். தமிழ் வரி கண்முன் இருக்கும்வரை யாரும் சிங்கள எழுத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஒலிப்பதிவு

உலாவியின் குரல் வசதியை நம்பிச் செயலியைக் கட்ட வேண்டாம். எல்லாப் போனிலும் சிங்களக் குரல் இருக்காது. இருந்தாலும் குரல் பட்டியலை முதல் தடவை கேட்டால் வெறுமையாகத் திரும்பலாம். பட்டியல் மாறியதற்கான நிகழ்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். 60 வாக்கியத்துக்கு மனிதக் குரலே சுலபம். சிங்களம் தாய்மொழியான ஓர் ஆண், ஒரு பெண். இருவரிடமும் எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். கடற்கரைப் பக்க வீடு என்றால் காற்று ஓயும் விடியற்காலையில் பதியுங்கள். கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் இருந்தால் எதிரொலி குறையும். மைக்கை வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்லவைத்து இரண்டாவதை எடுங்கள். முதலாவது வாசிப்பாக இருக்கும், இரண்டாவதுதான் பேச்சாக வரும்.

மூலத்தை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, வெளியிட 48 கிலோபிட் மோனோ எம்.பி.3 ஆக மாற்றுங்கள். நொடிக்கு 6 கிலோபைட். இரண்டரை நொடி வாக்கியம் 15 கிலோபைட். இரண்டு குரலில் 60 வாக்கியம் 1.8 மெகாபைட். ஓப்பஸ் என்ற ஒலி வடிவம் இன்னும் சிறியது, ஆனால் பழைய ஐபோன்களில் அதன் கொள்கலன்கள் சண்டை பிடிக்கும். இந்த அளவுக்கு அந்தத் தலையிடி தேவையில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் 0.15 நொடி மௌனம் விடுங்கள். ப்ளூடூத் இயர்போன் சில வேளை முதல் அசையை விழுங்கிவிடும்.

கட்டுமானம்

டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி, வீட் என்ற கட்டுமானக் கருவி, ஸ்வெல்ட் என்ற ஃபிரேம்வர்க். ரியாக்ட் தெரிந்தால் ரியாக்ட். இதில் வாதாடி ஒரு வாரத்தைக் கழிப்பதில் பயனில்லை. ஒலியும் எழுத்துருவும் தவிர முதல் திறப்பு 200 கிலோபைட்டைத் தாண்டாமல் பார்த்தால் போதும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் இரண்டையும் வோஃப்2 என்ற இணைய எழுத்துரு வடிவில் உங்கள் சொந்தத் தளத்திலிருந்தே கொடுங்கள். அளவைக் குறைக்க எழுத்துகளை வெட்டும்போது எழுத்துருவின் தளவமைப்பு அம்சங்களை முழுதாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் இருக்கும், சேர வேண்டிய இடத்தில் சேராது. வரி உயரம் 1.6க்குக் குறையக் கூடாது. சிங்கள உயிர்க்குறிகள் மேலும் கீழும் வளரும். எழுத்து இடைவெளிக்கான சிஎஸ்எஸ் பண்பைத் தொடவே வேண்டாம். பட்டன்களில் நீண்ட தமிழ்ச் சொல் வெளியே பிதுங்கும்; சொல்லை உடைக்க அனுமதி கொடுங்கள்.

பதிலைச் சரிபார்ப்பது

செயலியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கற்பவர் சரியாக எழுதியதைப் பிழை என்று மூன்று முறை சொன்னால், நான்காவது முறை அவர் திறக்க மாட்டார்.

சிங்களத்தில் தட்டச்சுச் செய்யச் சொல்வதைத் தொடக்கத்தில் தவிருங்கள். கற்பவரின் போனில் சிங்கள விசைப்பலகையே இருக்காது. சிங்களச் சொற்களை ஓடுகளாகக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஆனால் ஒரே வரிசைதான் சரி என்று வைக்காதீர்கள். 'மம ஹெட்ட எனவா' என்றாலும் 'ஹெட்ட மம எனவா' என்றாலும் நாளைக்கு நான் வாறன் என்பதுதான்.

தமிழில் பதில் எழுதும் பயிற்சியில், எழுதியதையும் அட்டவணைப் பதிலையும் ஒரே சலவையில் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். சலவை செய்வது ஒப்பிடும் பிரதியை மட்டும். மூலத்தைத் தொடக் கூடாது.

1. இரண்டையும் யுனிகோட் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றுங்கள். 'கொ' என்பதைக் கொம்பு தனி, கால் தனி என்று அனுப்பும் விசைப்பலகைகள் உண்டு. அது இங்கே ஒன்றாகும்.

2. நிறுத்தக்குறிகளை நீக்கி, இரட்டை இடைவெளியை ஒன்றாக்குங்கள்.

3. 'கௌரவம்' என்பதைப் பலர் கெ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுவார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, என்.எஃப்.சி.யும் இதைத் திருத்தாது. 'ஔ'வும் அப்படித்தான். இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றி ஒப்பிடுங்கள். இதையே மூல அட்டவணையில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று செய்தால் வாவிக் கெளுத்தி மீன் காணாமல் போகும், 'ஒளி'யும் அணைந்துவிடும்.

4. சந்தி எழுத்தை விட்டதற்காகப் பிழை போடாதீர்கள். ஒரு சொல் க், ச், த், ப் என முடிந்து அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால், அந்த ஒற்றை இரு பக்கத்திலும் நீக்குங்கள். 'வீட்டுக்குப் போறன்', 'வீட்டுக்கு போறன்' இரண்டும் ஒன்றாகும். நாம் கற்பிப்பது சிங்களம், தமிழ் இலக்கணம் அல்ல.

5. சிங்களப் பக்கம், ஸெட்.டபிள்யூ.ஜே. என்று சொல்லும் அகலமில்லா இணைப்பெழுத்து ஒன்று உண்டு. 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்தைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். ஒப்பிடும்போது இரு பக்கமும் நீக்கலாம். ஆனால் 'கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் சுத்தம் செய்' என்று தரவு நிரலில் எழுதினால், திரையில் எல்லாக் கூட்டெழுத்தும் பிரிந்து நிற்கும்.

அடுத்தது ஏற்கத்தக்க பதில்கள். 'மம கெதர யனவா' (நான் வீட்டுக்குப் போறன்) என்பதில் வினைக்குப் போறன், போறேன், போகிறேன், செல்கிறேன் எல்லாம் சரி. 'எயா' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆகவே 'எயா யனவா' என்பதற்கு அவன் போறான், அவள் போறாள், அவர் போறார், அவங்க போறாங்க நான்கும் சரி. 'பஸ்ஸே' என்பதற்குப் பிறகு, பின்னர் என்று மட்டும் வைத்தால் மட்டக்களப்பில் பாதிப்பேர் எழுதும் 'மறுகா' பிழையாகிவிடும். 'அய்யா' என்பதற்கு அண்ணனோடு நானாவையும், 'அக்கா' என்பதற்கு ராத்தாவையும் சேருங்கள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் சொல் பிழை என்று ஒரு திரை சொல்லக் கூடாது. வாக்கியத்துக்கு நான்கு முதல் எட்டுப் பதில் வரும்.

இத்தனைக்கும் பொருந்தாவிட்டால் எழுத்து வேறுபாட்டை எண்ணுங்கள். லெவென்ஷ்டைன் தொலைவு (ஒன்றை மற்றதாக்கத் தேவையான எழுத்து மாற்றங்களின் எண்ணிக்கை) போதும். ஆனால் குறியீட்டில் அல்ல, முழு எழுத்தில் எண்ணுங்கள். தொலைவு ஒன்று என்றால் 'சரி' என்று போடாமல் 'கிட்ட வந்துட்டீங்க' என்று காட்டி இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். அவன், அவள் இரண்டுக்கும் இடையில் ஓரெழுத்துத்தான். பல், பால் அப்படியே.

மீள்பார்வை நாள்

லைட்னரின் ஐந்து பெட்டி முறை போதும்: பெட்டிக்குப் பெட்டி மீள்பார்வை இடைவெளி 1, 2, 4, 8, 16 நாள். சரி என்றால் அடுத்த பெட்டி, பிழை என்றால் முதல் பெட்டி. எஸ்.எம்.-2 முறை இன்னும் நுணுக்கமானது: முதலில் 1 நாள், பிறகு 6 நாள், பிறகு 2.5இல் தொடங்கி 1.3க்குக் கீழே போகாத ஓர் இடைவெளிப் பெருக்கி. 60 வாக்கியத்தில் அந்த நுணுக்கத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 600 ஆனதும் மாறுங்கள். ஒருநாளைக்குப் புதிது 8, மீள்பார்வை 30 என்று மூடி போடுங்கள். நோன்பு மாதமோ கதிர்காமப் பாதயாத்திரையோ முடிந்து திரும்புகிறவரின் முன்னால் மலைபோல் குவித்து வைத்தால் அவர் அப்படியே மூடிவிடுவார்.

நாள் கணக்கில் ஒரு பொறி. ஐ.எஸ்.ஓ. வடிவில் திகதியை எடுத்து முதல் பத்து எழுத்தை வெட்டினால் வருவது கிரீன்விச் திகதி. நாம் ஐந்தரை மணிநேரம் முன்னால் இருக்கிறோம். காலை 5.30க்கு முன் படிக்கிறவருக்கு அது நேற்றைய கணக்கில் போகும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு படிக்கும் ஒருவர் 'தொடர்ச்சி அறுந்துவிட்டது' என்று முறையிட்டால் முதலில் இங்கே பாருங்கள். உள்ளூர் திகதியைத் தனியாகச் சேமியுங்கள்.

சிக்னல் இல்லாத நேரம்

சிக்னல் இல்லாதபோதும் செயலியைத் திறக்கவைக்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரல் எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் ஓடாது, உங்கள் கணினியின் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விலக்கு. செயலியின் உடம்பை நிறுவும்போதே சேமியுங்கள். ஒலியை அப்படிச் செய்ய வேண்டாம்: பாடத்துக்கு ஒரு பதிவிறக்கப் பட்டன் வைத்து 'சுமார் 360 கேபி' என்று எழுதிவிடுங்கள். டேட்டா எண்ணிப் போடுகிறவருக்கு அந்த எண் மரியாதை.

ஒலியை வேறு தளத்தில் வைத்து, பகிர்வு அனுமதித் தலைப்பு (CORS) இல்லாமல் சேமித்தால், குரோம் ஒவ்வொரு கோப்பையும் ஏறத்தாழ 7 மெகாபைட்டாகச் சேமிப்பு ஒதுக்கீட்டில் கணக்கிடும். 15 கிலோபைட் கோப்புகள் நினைவகத்தை நிரப்பிவிட்டதாகப் பிழை வந்தால் காரணம் இதுதான். சஃபாரியில் இன்னொன்று: ஆடியோ குறி கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும், நீங்கள் சேமித்ததோ முழுக்கோப்பு, ஒலி வராது. முழுக்கோப்பையும் எடுத்து வெப் ஆடியோ என்ற உலாவி வசதியில் பிரித்து ஒலித்தால் பிரச்சினை போய்விடும்; முதல் ஒலிக்கு முன் பயனர் எங்காவது தட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்னேற்றத்தை உலாவியின் உள்ளே இருக்கும் இன்டெக்ஸ்ட் டிபி தரவுத்தளத்தில் வையுங்கள், லோக்கல் ஸ்டோரேஜில் அல்ல. சஃபாரியில் ஏழு நாள் பயன்படுத்தாமல் விட்டால் தளத்தின் சேமிப்பே அழியலாம். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு அந்த விதி இல்லை. ஐபோன்காரருக்கு முதல் பாடம் முடிந்ததும் 'முகப்பில் சேருங்கள்' என்று படத்தோடு காட்டுங்கள். புதிய பதிப்பு வந்தாலும் பழைய தாவல் மூடும்வரை பழையதே ஓடும். 'புதிய பதிப்பு வந்திருக்கு' என்று ஒரு பட்டன் போடுங்கள்.

சேவையகம் முதல் மூன்று மாதம் தேவையே இல்லை. தேவைப்படும்போது ஒவ்வொரு பதிலையும் ஒரு நிகழ்வாக அனுப்பிச் சேர்த்துக்கொண்டே போங்கள். 'தற்போதைய பெட்டி எண்' என்பதை அனுப்பினால் இரண்டு போன் வைத்திருப்பவருக்கு ஒன்று மற்றதை அழிக்கும். சூபாபேஸ் என்ற இணையத் தரவுத்தளச் சேவையை எடுத்தால், ஒருவர் மற்றவரின் தரவைப் பார்க்காமல் தடுக்கும் வரிசைநிலைப் பாதுகாப்பை இயக்க மறவாதீர்கள். போன் இலக்கம் கேட்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாங்காத தரவுக்குக் காவலும் தேவையில்லை.

வெளியிடுமுன்

2 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்ட் போனில், விமான முறையில், ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். பிறகு ஐந்து பேரிடம் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காமல். அவர்கள் எழுதி, செயலி பிழை என்று சொன்ன எல்லாப் பதிலையும் சேமிக்க ஒரு வழி வையுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைச் சிங்களமும் இந்தப் பக்கத்துத் தமிழும் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசியுங்கள். சரியானவற்றை அட்டவணையில் சேர்த்து, பதிப்பெண்ணைக் கூட்டி, மறுபடி வெளியிடுங்கள். அந்தப் பட்டியலில் புதிதாகச் சரியான பதில் ஒன்றும் வராத வாரத்தில் 61 ஆவது வாக்கியத்தை எழுதத் தொடங்கலாம்.